ஊரார் வீட்டுப் பூட்டிக்குக் கல்யாணம்

இங்கிலாந்துக் கிராமத் தேவாலயங்களின் பழைய பதிவேடுகளைத் துழாவி, சிட்னியில் இருக்கிறவர்களுக்கு அவர்களுடைய பூட்டன் பூட்டியைத் தேடிக் கொடுப்பது என் தொழில். கோயிலுக்குப் போனால் வாசலில் விட்ட சொந்தச் செருப்பைத் தேடியே அரை மணித்தியாலம் அலைகிற ஆள் நான்.

குடும்ப மரம் வரையப் புறப்பட்டுக் கண்ணும் கழுத்தும் போனவர்களே, இது உங்களுக்காகத்தான். ஒரே கிராமத்தில், ஒரே தலைமுறையில், ஜோன் என்ற பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பதைக் கண்டு தலையில் கை வைத்தவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாலும், யாரும் கல்யாணம் கட்டினாலும், யாரையும் புதைத்தாலும், ஊர்ப் பாதிரியார் அதை ஒரு புத்தகத்தில் எழுதிவைப்பார். அந்தப் புத்தகங்களை இப்போது படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். சிட்னிப் பக்கத்து டூங்கபியில், ஒரு குசினி மேசையில் சட்டி பானைகளுக்கு நடுவே இருந்துகொண்டு, நெற்றியில் திருநீற்றோடு ஒரு யாழ்ப்பாணத்து மனுசி அதை வாசிப்பாள் என்று தெரிந்திருந்தால், அந்தப் பாதிரிமார் இன்னும் கொஞ்சம் விளங்குகிற மாதிரி எழுதியிருப்பார்கள்.

இத்தனை வருடத்தில் நான் விட்ட பிழைகளை எழுதினால் அதற்கே ஒரு பதிவேடு வேண்டும். அதிலும் டொரத்தி என்ற முதிய பெண்மணியின் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடி நான் பட்ட பாடு தனி. அதற்கு முன்னால், நான் எப்படிப்பட்ட நிபுணி என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

டொக்டர்மார் தந்த படிப்பு

எனக்குச் சரித்திரம் தெரியாது. ஊரில் ஒரு மருந்துக்கடையில் நின்றேன்; இங்கே வந்தும் மருந்துக்கடைதான். இரண்டு நாட்டு டொக்டர்மாரின் கையெழுத்தையும் வாசித்து வாசித்து, மண்புழு ஊர்ந்த தடத்தைக் காட்டினாலும் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று சொல்லக்கூடிய கண் எனக்கு வாய்த்துவிட்டது. பிறகு டொக்டர்மார் எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் அடிக்கத் தொடங்கினார்கள். எனக்கு இருந்த ஒரே திறமைக்கும் வேலை இல்லாமல் போனது.

ஒரு நாள், கடைக்கு வழக்கமாக வருகிற பமெலா என்ற பெண்மணி பிரஷர் மாத்திரைக்குக் காத்து நின்றபோது கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவருடைய முன்னோர் ஒருவரின் கல்யாணப் பதிவின் பிரதி. குடும்பத்தில் யாராலும் அதை வாசிக்க முடியவில்லையாம். நான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மாப்பிள்ளை, பெண், சாட்சிகள், பாதிரியார் என்று ஒரே மூச்சில் வாசித்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் இந்தத் தொழிலுக்குள் காலை விட்டேன். பமெலா தாளை மடித்து வைத்துக்கொண்டு அமைதியாகக் கேட்டார்: "இவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்களே, அப்படியென்றால் போன மாதம் எனக்கு மாத்திரையை மாற்றித் தந்தது யார்?"

ஊர் முழுக்க விஞ்ஞானிகள்

என்னிடம் முறையாக வேலை தந்த முதல் ஆள் லின்டா. உயர்பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். அவருடைய முன்னோர் ஒருவரின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவைக் கண்டுபிடித்தேன். அதில் தகப்பனின் தொழில் என்று ஒரு கட்டம். கட்டத்துக்குள் "லேப்" என்று சுருக்கி எழுதிப் புள்ளி வைத்திருந்தது. மருந்துக்கடையில் நின்றவளுக்கு லேப் என்றால் ஒன்றுதான், இரத்தம் எடுக்கிற இடம். "உங்கள் முன்னோர் ஆய்வுகூடம் ஒன்றில் பணியாற்றியவர்" என்று அறிக்கையில் எழுதி அனுப்பினேன். லின்டாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. விஞ்ஞானம் எங்கள் இரத்தத்திலேயே இருக்கிறது என்று வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டார்.

பிறகுதான் அடுத்த பக்கத்தைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரனும் லேப். அவனுடைய தம்பியும் லேப். ஆடு மாட்டைத் தவிர அந்தக் கிராமத்தில் எல்லாருக்கும் ஆய்வுகூடத்தில்தான் வேலை. இவ்வளவு சின்ன ஊரில் இத்தனை விஞ்ஞானிகளா என்று எனக்கே சந்தேகம் வந்து தேடிப் பார்த்தால், அது "லேபரர்" என்பதன் சுருக்கம். கூலியாள். வயலில் கூலிக்கு நின்றவர்கள். லின்டாவுக்குப் போன் எடுத்து, மென்று விழுங்கி ஒருவாறு சொல்லி முடித்தேன். பிறகு சொன்னார்: "பரவாயில்லை, வயலில் எதையாவது பரிசோதித்துப் பார்த்திருப்பார்தானே."

வடைத் தட்டு

மேற்கு சிட்னியில் குடும்பச் சரித்திரம் தேடுகிறவர்களின் சங்கம் ஒன்று, பழைய கையெழுத்தை வாசிப்பது பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டது. வெறுங்கையோடு போவது சரியில்லை என்று ஒரு தட்டு நிறையக் கடலைவடை சுட்டுக்கொண்டு, சேலையும் உடுத்திக்கொண்டு போனேன். வாசலில் நின்ற பெண்மணி வடையையும் என்னையும் பார்த்துவிட்டு, மிகவும் அன்பாகச் சமையலறைக்கு வழி காட்டினார். அங்கே ஒருவர் கோப்பைகளை என் கையில் தந்தார். "நான் அதற்கு வரவில்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு முதியவர் சீனி இல்லாமல் ஒரு தேநீர் கேட்டார். கேட்ட மனுசருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? ஊற்றிக் கொடுத்தேன். அடுத்தவர் பால் கூட வேண்டும் என்றார். அதையும் கொடுத்தேன்.

மண்டபத்தில் தலைவர் பேச்சாளரைத் தேடிக்கொண்டிருந்தார். ஒலிவாங்கியில் என் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் மூன்று விதமாகச் சொன்னதால் அது நான்தான் என்று எனக்கே பிடிபடவில்லை. கடைசியில் தேநீர்க் கேத்தலோடு மேடைக்குப் போனேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம் உண்மையான கவலையோடு கேட்டார்: "இவர்தான் பேச்சாளர் என்றால், இனி தேநீர் யார் தருவது?"

எங்களுக்கும் ஒரு வெள்ளைக்காரன்

எங்கள் ஆட்கள் என்னிடம் வருவது குறைவு. வந்த ஒரே ஆள் சிவலிங்கம் அங்கிள். பேரனுக்கு லண்டனில் வேலை செய்ய ஆசை. பாட்டனோ பாட்டியோ இங்கிலாந்தில் பிறந்திருந்தால் விசா எடுப்பது லேசு என்று யாரோ அங்கிளுக்குச் சொல்லிவிட்டார்கள். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முன்னால் இருந்தார்.

"பிள்ளை, எங்கட அப்புவுக்கு நிறம் கொஞ்சம் கூட. கண்ணும் ஒரு மாதிரிப் பூனைக்கண். எங்கையாவது ஒரு வெள்ளைக்காரன் கலந்திருப்பானோ எண்டு ஒருக்காப் பாருங்கோவன்."

"அங்கிள், உங்கட அப்பு ஊரைத் தாண்டி ஒரு இடமும் போகாத மனுசன் எண்டு இப்பத்தானே சொன்னனீங்கள்."

"அவர் போகேல்ல, பிள்ளை. அவங்கள் வந்தவங்கள்தானே."

பிறந்த இடம் இங்கிலாந்தாக இருக்க வேண்டும், பூனைக்கண் போதாது என்று விளங்கப்படுத்தினேன். அங்கிளின் முகம் சுருங்கிவிட்டது. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, எழும்பி, வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்: "அப்ப ஒரு போர்த்துக்கேயனாவது அகப்படுவானோ எண்டு பாருங்கோ. வீட்டில குசினி, கதிரை, அலுமாரி எண்டு அவங்கட சொல்லிலதானே கதைக்கிறம்."

கென் கொண்டுவந்த கேள்வி

கென்னை அனுப்பிவைத்தவர் பமெலா. ஓய்வுபெற்ற பிளம்பர், பேச்சுக் குறைவு. வீட்டுக்கு வந்ததும் குசினிக் குழாய் சொட்டுவதைப் பார்த்தார், கேட்காமலே திருத்தினார், கையைத் துடைத்துக்கொண்டுதான் விஷயத்துக்கு வந்தார். தாயார் டொரத்திக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இருதயம் களைத்துப்போயிற்று, ஆயத்தமாக இருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கு வாழ்நாள் முழுக்க ஒரு வெட்கம். சின்னப் பெண்ணாக இருந்தபோது உறவுக்காரி ஒருத்தி அவரிடம், "நாங்கள் கல்யாணம் கட்டாதவர்களின் வழி, தலையை நிமிர்த்தி நடக்காதே" என்று சொல்லிவிட்டாளாம்.

கதை இதுதான். இங்கிலாந்தின் டோர்செட்டில் ஒரு கிராமம். தோமஸ் பேக்கர் என்று ஒரு கூலியாள். மனைவி மேரி சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்துபோனாள். பிறகு ஹானா என்று ஒருத்தி அந்த வீட்டில் வந்து இருந்தாள். அவளுக்கும் தோமஸுக்கும் பிள்ளைகள் பிறந்தன. அதில் ஒரு மகன் கப்பலேறி இங்கே வந்தான். அவனுடைய வழிதான் டொரத்தி. குடும்பத்தில் வாய் வழியாக வந்த தகவல் ஒன்றே ஒன்று. அந்த வீட்டில் பெரிய பிள்ளைகள் அவளை ஆன்ட் ஹானா என்று கூப்பிட்டார்கள், சின்னப் பிள்ளைகள் அம்மா என்று கூப்பிட்டார்கள். அப்படியென்றால் அவள் வீட்டு வேலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவள் என்று குடும்பம் தீர்மானித்துவிட்டது.

"ஆன்ட்" என்பதை நான் குறித்துக்கொண்டேன், பெரிதாக எடுக்கவில்லை. ஏன் எடுக்க வேண்டும்? டூங்கபியில் பக்கத்து வீட்டுக்காரி அன்ரி, மரக்கறிக் கடைக்காரி அன்ரி, பஸ்ஸில் தள்ளி இருந்து இடம் தந்தவளும் அன்ரி. என் மகன் பல் டொக்டரையே அன்ரி என்கிறான். ஹானாவும் யாரோ அயலட்டை அன்ரி என்று நினைத்துக்கொண்டு, எனக்குப் புரியாத வேறொன்றைக் கேட்டேன். இந்தக் காலத்தில் யார் கல்யாணம் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று யார் பார்க்கிறார்கள்? கென் புதிதாகத் திருத்திய குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் பார்க்கவில்லை. அம்மா பார்க்கிறார். அவர்கள் கட்டினவர்களா இல்லையா என்று தெரிந்துகொண்டுதான் போவேன் என்கிறார்."

வெள்ளிக்கிழமையில் செத்தவீடு இல்லை

இந்தத் தொழிலில் எனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றிய பிறகு கல்யாணப் பதிவேடும் ஞானஸ்நானப் பதிவேடும் மட்டும்தான். புதைத்தவர்களின் பதிவேட்டை அன்றைக்குத் தொடமாட்டேன். நல்ல காரியம் தேடுகிற நாளில் செத்தவீட்டுப் பக்கம் எதற்கு? அந்தப் பதிவேட்டை நான் பார்க்கிற மற்ற நாட்களில் இவர், அதாவது என் வீட்டுக்காரர், வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்பார்: "இண்டைக்கு எத்தினை செத்தவீடு? முழுகிப்போட்டுக் குசினிக்குள்ள வாரும்."

ஒரு வெள்ளிக்கிழமை, டோர்செட்டில் பக்கத்துக் கிராமத்துப் பதிவேட்டில் ஒரு தோமஸ் பேக்கர் ஒரு ஹானாவைக் கட்டியிருந்ததைக் கண்டேன். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர் என்றும் இருந்தது. வேறென்ன வேண்டும்? உடனே கென்னுக்குப் போன் எடுத்தேன். அவர் கேக் வாங்கிக்கொண்டு தாயாரிடம் ஓடினார். சனிக்கிழமை ஆறுதலாகப் புதைத்தவர்களின் பதிவேட்டைத் திறந்தேன். என் தோமஸ் பேக்கர் அங்கே படுத்திருந்தார். டொரத்தியின் முன்னோர் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே அவரைப் புதைத்துவிட்டார்கள். முதல் நாளே அந்தப் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் கேக் மிஞ்சியிருக்கும்.

மன்னிப்புக் கேட்க நானும் கென்னோடு போனேன். டொரத்தியை முதல்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்டிலில் ஒரு பிள்ளையின் அளவில் கிடந்தார்; கண் மட்டும் பெரிய ஆளின் கண். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "கேக் நல்லாகத்தான் இருந்தது" என்றார். பிறகு சொன்னார்: "செத்த பிறகும் அவர் பிள்ளை பெற்றிருந்தால், அதையும் எங்கள் குடும்பம் மறைத்துத்தான் வைத்திருக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. ஒரு நாள் முழுக்க அந்த மனுசியைச் சந்தோஷமாக வைத்திருந்து பிறகு பறித்துவிட்டேன் என்று எனக்கு அழுகை வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு நேரே செத்தவர்களிடம்தான் போனேன்.

எந்த அன்ரி?

அதற்குப் பிறகு தோமஸ்மாரை வடிகட்டுவதே வேலையாகப் போனது. தோமஸ் பேக்கர் என்பது எங்களுடைய சிவகுமாரைப் போல எங்கே கல்லெறிந்தாலும் ஒருவர் மேல் விழுகிற பெயர். ஹானாவின் குடும்பப் பெயர் தெரிந்தால் பிடித்துவிடலாம். ஆனால் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் தாய் வெறும் ஹானா பேக்கர். கென் ஒவ்வொரு கிழமையும் போன் எடுத்து, "அம்மா கேட்கிறார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் இருக்கிற என் சிநேகிதி ரஞ்சி ஒரு நாள் போன் எடுத்தாள். அவள் அங்கே மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், நான் இங்கே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் தலையிடியை அவளிடம் கொட்டினேன். அந்தக் கதையைத் தமிழில் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"தோமஸ் எண்டு ஒரு மனுசன். பெண்சாதி செத்துப்போனா. பிறகு ஹானா எண்டு ஒருத்தி வந்து இருக்கிறா. மூத்ததாரத்துப் பிள்ளையள் அவவை அன்ரி எண்டு கூப்பிடுதுகள். அவ பெத்ததுகள் அம்மா எண்டு கூப்பிடுதுகள்."

"எந்த அன்ரி?"

"என்ன எந்த அன்ரி? அன்ரிதான்."

"மாமியோ, பெரியம்மாவோ, சின்னம்மாவோ? ஒண்டைச் சொல்லன்."

"அவை வெள்ளைக்காரர், ரஞ்சி. அயலுக்குள்ள ஆரோ ஒராளா இருக்கும்."

"ஏன், வெள்ளைக்காரர் எங்களை மாதிரிக் கண்ட நிண்டவையை எல்லாம் அன்ரி எண்டு கூப்பிடுறவையோ?"

கத்தியைக் கீழே வைத்தேன். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தும், பமெலா தன் பக்கத்து வீட்டுக்காரியை ஒரு நாளாவது ஆன்ட் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மிஸிஸ் என்பார், அல்லது பெயரைச் சொல்வார். ஆன்ட் என்றால் அவர்களுக்குச் சொந்தத்தில் ஒருத்தி. நான்தான் டூங்கபி அன்ரியைக் கொண்டுபோய் டோர்செட்டில் இருத்தியிருக்கிறேன். தகப்பனின் தங்கை என்றால் அவருக்கே பிள்ளை பெற்றிருக்க மாட்டாள்; அப்படியென்றால் தாயின் தங்கை. ரஞ்சி மீன் செதிலைச் சுரண்டுகிற சத்தத்துக்கு மேலாகச் சொன்னாள்: "பெரியதுகளுக்குச் சின்னம்மா, சின்னதுகளுக்கு அம்மா. எங்கட சித்தப்பா வீட்டிலயும் உதுதானே நடந்தது, இதில என்னடி மர்மம் கிடக்கு?"

கட்டினார்கள், ஆனால்

தங்கை என்றால் அக்காவின் குடும்பப் பெயர்தான் அவளுக்கும். தோமஸுக்கும் மேரிக்கும் நடந்த முதல் கல்யாணப் பதிவு முன்பே என்னிடம் இருந்தது. மேரி டிங்லி. டிங்லி வீட்டு ஞானஸ்நானங்களைப் பார்த்தேன். மேரிக்குக் கீழே, சில வருடம் தள்ளி, ஹானா. இவ்வளவு நாளும் என் மூக்குக்கு நேரே இருந்திருக்கிறாள். "ஹானா டிங்லி" என்று தட்டினேன். டோர்செட்டில் ஒன்றும் இல்லை. எங்கேயோ தள்ளி, பிரிஸ்டல் நகரத்தில், ஒரு பெரிய தேவாலயத்தில் கிடைத்தது. தோமஸ் பேக்கர், மனைவியை இழந்தவர், கூலியாள், தகப்பன் பெயரும் சரி. அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அவள் எழுதத் தெரியாமல் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட்டிருந்தாள்.

இந்த முறை உடனே போன் எடுக்கவில்லை. ஏன் பிரிஸ்டல் என்று தேடினேன். அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இருவர் பெயரையும் கூப்பிட்டு, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். சொந்த ஊரில் கேட்டால் ஊரே எழும்பி நின்றிருக்கும். ஏனென்றால் இறந்த மனைவியின் தங்கையைக் கட்டக்கூடாது என்பது அவர்களுடைய விதி. யார் யாரைக் கட்டக்கூடாது என்று அட்டவணை எழுதித் தேவாலயச் சுவரிலேயே மாட்டியிருப்பார்களாம். மீறிக் கட்டினால் சட்டப்படி அந்தக் கல்யாணம் செல்லாது. பிற்காலத்தில் சட்டத்தையே மாற்றினார்கள். அதற்குள் தோமஸும் ஹானாவும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். எங்களிடம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய முதலே தங்கச்சியைக் கேட்டு ஆள் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: "எங்கட ஊரில கட்டு கட்டு எண்டு கழுத்தில பிடிச்சுத் தள்ளுவினம். அந்த மனுசன் கட்டுறதுக்காக ஊரை விட்டு ஓடியிருக்கிறான்."

இப்போது டொரத்திக்கு என்ன சொல்வது? கட்டினார்கள் என்றால் அதுவும் உண்மை. கட்டியது செல்லாது என்றால் அதுவும் உண்மை. கென்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நீங்களே முடிவெடுங்கள் என்றேன். கென் நிறைய நேரம் யோசிக்கவில்லை: "ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள். சட்டத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள்."

பக்கவிளைவுகள்

டொரத்தி முன்னைவிட மெலிந்திருந்தார். பதிவின் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கையில் கொடுத்து, "ஆமாம், கட்டினவர்கள்தான்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். நான் அந்த நிமிடமே எழும்பி வந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்து, "எங்கே?" என்று கேட்டார். பிரிஸ்டல் என்றேன். "டோர்செட்டில் வயல் வேலை செய்தவனுக்குப் பிரிஸ்டலில் என்ன வேலை?"

கென் தன் சப்பாத்தைப் பார்த்தார். எனக்கு ஒரு வியாதி உண்டு. மருந்து கொடுத்தால் பக்கவிளைவையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று இருபது வருடம் பழகிய நாக்கு இது. யாரும் நேரே கேட்டால் பாதியில் நிற்காது. அக்காவையும் தங்கையையும், சுவரில் மாட்டிய அட்டவணையையும், சட்டப்படி அது செல்லாது என்பதையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். வெடித்த குழாயைப் பார்க்கிற மாதிரிக் கென் என்னைப் பார்த்தார்.

டொரத்தி படத்தில் அந்தப் புள்ளடியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "அப்படியென்றால் இவள் அந்தப் பிள்ளைகளுக்கு முன்பின் தெரியாதவள் இல்லை" என்றார். இல்லை, எங்கள் பாஷையில் தாயின் தங்கைக்கும் தாய்க்குப் பிறகு வருகிறவளுக்கும் ஒரே சொல்தான், சின்னம்மா, சின்ன அம்மா என்று அர்த்தம் என்றேன். சொல்லிப் பார்த்தார். சினிமா என்று வந்தது. நான் திருத்தவில்லை.

"மூன்று ஞாயிறும் பெயரைக் கூப்பிட்டார்களா?"

"கூப்பிட்டார்கள்."

"ஒருவரும் எழும்பவில்லையா?"

"இல்லை."

"மூன்று கிழமையும் அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும்" என்றார் டொரத்தி. "அவ்வளவு பயந்தும் போய் நின்றிருக்கிறாள். எனக்கு அது போதும். அவள் கட்டினவள்தான்."

பிறகு டொரத்தி, கென் இதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். தன் கல்யாணத்துக்கு அவர் வெள்ளை உடுக்கவில்லை. இப்படிப்பட்ட வழியில் வந்தவளுக்கு வெள்ளை உடுக்க உரிமையில்லை என்று நினைத்து நீலத்தில் தைப்பித்தார். ஏன் என்று மாப்பிள்ளை கேட்டபோது, நீலம்தான் எனக்குப் பிடித்த நிறம் என்று சொல்லிவிட்டார். அந்த நல்ல மனுசர் அதை நம்பி, சாகும்வரை பிறந்தநாளுக்கும் கிறிஸ்மஸுக்கும் நீலமாகவே தேடித் தேடி வாங்கிக் கொடுத்தார். தகப்பனைப் பார்த்து மகனும் அப்படியே. அப்போதுதான் நான் கவனித்தேன். கட்டிலில் போர்வை நீலம். தோளில் கிடந்த கம்பளிச் சட்டை நீலம். மேசையில் இருந்த பூச்சாடியும் நீலம். கென் எழும்பி யன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். டொரத்தி அவருடைய முதுகைப் பார்த்துச் சொன்னார்: "கென், எனக்கு நீலம் பிடிக்கவே பிடிக்காது."

செத்தவர்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அதைப் பிழையாக வாசித்து, பிறகு அந்தப் பிழையைத் திருத்தி, இரண்டு வேலைக்கும் கூலி வாங்குவதுதான் எங்கள் தொழில்.